கட்டாத பால்வாடிக்குள்ள அடிச்ச வெயில்

பூவனேரியில பால்வாடிக்குப் புதுக் கட்டடம் கட்டுறதுக்கு வைகாசி மாசம் ஒரு வாஸ்து நாளு பாத்து, காலையில சுண்ணாம்புக் கோடு போட்டாங்க. அன்னைக்கு மத்தியானம் மூணு மணிக்கெல்லாம் அந்தக் கட்டடத்தோட வெயிலும் நெழலும் காத்தும் வந்து கோட்டுக்குள்ள குடியேறிருச்சு, கட்டடந்தான் வரல. இத வெளியூர்க்காரங்ககிட்டச் சொன்னா என் மூஞ்சியவே உத்துப் பாக்காங்க. பாக்கட்டும், எனக்கென்ன. கூடவே நின்னு பாத்தவ நான்; நம்புறவங்களுக்கும் சொல்லுதேன், நம்பாதவங்களுக்கும் சேத்தே சொல்லுதேன்.

எம்பேரு மாடத்தி. பால்வாடியில சமையல் பாக்குத ஆயா. கை சுத்தம், வாய் நீளம், ரெண்டையும் ஊருல எல்லாரும் ஒத்துக்கிடுவாங்க. எங்க பால்வாடி அப்ப ஒரு பழைய உரக் குடோன்ல வாடகைக்கு நடந்துச்சு. மேல தகரம், கீழ சிமிண்டு, நடுவுல பிள்ளைங்க. சித்திரை மாசம் மத்தியானம் தகரம் படபடன்னு பேச ஆரம்பிச்சா அதுக்கு மேல பிள்ளைங்க பாடுத பாட்டு கேக்காது. அந்த வருசம் சித்திரையில ஒரே வாரத்துல மூணு பிள்ளைங்க மயங்கி விழுந்துச்சு. அதுல ஒண்ணு என் கடைக்குட்டி தன்ஷிகா. அவங்கப்பா செல்போன்ல தேடி வச்ச பேரு, எனக்கு இன்னும் நாக்கு சரியாத் திரும்பல. பிள்ளைய மடியில போட்டு ஈரத்துணியால துடைச்ச அந்த மத்தியானத்த நான் மறக்கவே மாட்டேன்.

அந்த வாரமே ஏழு தாய்மாரு பிள்ளைங்கள நிறுத்திட்டாங்க. எங்க ஊருப் பொம்பளைங்க விடியக்கருக்கல்ல பிச்சிப்பூ பறிக்கத் தோட்டத்துக்குப் போவாங்க, மத்தியானம் வந்து உக்காந்து பூ கட்டுவாங்க. பிள்ளைய எங்க விட? தோட்டத்து வரப்புல, பூச்சி மருந்து வாடையிலதான் விடணும். இருபத்திமூணு இருந்த தலை பதினாறாச்சு. ஆவணி கடைசியில ஆபீஸ்ல இருந்து தலை எண்ண வருவாங்க, பதினஞ்சுக்குக் கீழ போனா பால்வாடிய மூடி, நாலுவழிச் சாலைக்கு அந்தப்பக்கம் ஊத்தங்காட்டுப் பால்வாடியோட சேத்துருவாங்க. அந்தச் சாலையக் கடந்து எந்தத் தாய் மூணு வயசுப் பிள்ளைய அனுப்புவா? டீச்சர் லூர்துக்கனி அந்த ஏழு வீட்டுக்கும் நடையா நடந்தாங்க. "புதுக் கட்டடம் வருது. அதுல பிள்ளைங்க வெக்கை இல்லாம நிம்மதியா ஒறங்கும். நான் வாக்குக் குடுக்கேன்"னு வீடு வீடாச் சொல்லிட்டு வந்தாங்க. மெலிஞ்ச உடம்பு, மெதுவான பேச்சு, ஆனா ஒரு வார்த்த சொல்லிட்டா அதுக்காக உசிர விடுத ஜாதி அவங்க.

கட்டடத்து வரைபடம் தலைநகரத்துல இருந்து வந்துச்சு. மலையில இருக்க ஊருக்கும் அதுதான், கடலோரத்து ஊருக்கும் அதுதான், எங்களுக்கும் அதுதான். ஒரு பெரிய கூடம், மூணு பெரிய ஜன்னல், ஒரு சாமான் அறை, ஒரு அடுப்படி, ஒரு கக்கூஸ். ஓவர்சியர் நல்லசிவன் நல்ல பையன், பேருக்கேத்த குணம், ஆனா யாரு என்ன சொன்னாலும் சரின்னு தலையாட்டுவாரு. ஊர்த்தலைவர் வேலாயுதபெருமாள் சொன்னது ஒண்ணே ஒண்ணுதான்: "கட்டடம் ரோட்டப் பாத்து நிக்கணும். திறந்து வச்சவங்க பேரு, என் பேரு எல்லாம் போட்ட கல்வெட்டு பஸ்ல போறவன் கண்ணுக்குத் தெரியணும்." ரோடு மேக்க இருக்கு. அதனால வாசலும் மூணு ஜன்னலும் கல்வெட்டும் மேக்க பாத்துச்சு. எங்க பக்கத்துக் கட்டடம் பூராவும் இப்பிடித்தான், வெயிலப் பாத்து யாரு கட்டுதா, கல்வெட்டப் பாத்துல்லா கட்டுதாங்க.

கொத்தனார் மந்திரமூர்த்தி நூலு பிடிச்சு, சுண்ணாம்புப் பொடி தூவி, அழகாக் கோடு போட்டான். வாசலுக்கு, ஜன்னலுக்கு எல்லாம் இடைவெளி விட்டான். நல்ல நேரம் காலம்பற ஒன்பதரைக்கு இருந்துச்சு. அந்த நேரத்துல மேக்குப் பக்கம் சூரியனே இல்ல, குளுகுளுன்னு இருக்கு, எல்லாரும் ஆஹா ஓஹோன்னு சொல்லி வெத்தல போட்டுக்கிட்டுப் போயிட்டோம். கல்லு நாட்ட வரவேண்டிய பெரிய மனுசருக்கு அன்னைக்குத் தோதுப்படல. ஆனியில வாஸ்து நாளே கிடையாது, ஆடியில இருக்கு, ஆனா ஆடியில எவன் வீடு தொடங்குவான்? ஆவணி ஆறாந்தேதிக்குத் தள்ளி வச்சாங்க. ரெண்டரை மாசம் அந்தக் கோடு சும்மா கிடக்கும்படி ஆச்சு.

மத்தியானம் மூணு மணிக்கு, விட்டுட்டுப் போன நூலுக்கண்ட எடுக்க மந்திரமூர்த்தி திரும்பி வந்தான். கோட்டுக்குள்ள கால வச்சவன் வச்ச வேகத்துல வெளிய குதிச்சு, குடோனுக்கு ஓடி வந்தான்.

"எக்கா, உள்ள கட்டடம் இருக்கு!"

"எங்கலே?"

"கண்ணுக்குத் தெரியல. சுடுது."

போய்ப் பாத்தேன். வெளிய நின்னா வெயிலோட காத்தும் சேந்து வந்துச்சு. கோட்டுக்குள்ள நுழைஞ்சா காத்து நின்னு போச்சு, காங்கிரீட்டு கொதிக்குத புழுக்கம் தலையில இருந்து இறங்குச்சு. தரையில சுவரோட நெழலு கன்னங்கரேல்னு கிடக்கு, அதுக்கு நடுவுல மூணு ஜன்னலு அகலத்துக்கு வெயில், அந்த வெயிலுக்குள்ள கம்பி கம்பியா நெழலு. சுவரும் இல்ல, ஜன்னலும் இல்ல, கம்பியும் இல்ல. வெயில் மட்டும் எல்லாத்தையும் கணக்கா வச்சிருந்துச்சு. அந்த மூணு கட்டமும் கூடத்துக்கு உள்ள உள்ள நீண்டு, கரெக்டா பிள்ளைங்க பாய் விரிக்குத இடத்துல வந்து படுத்துச்சு.

ஊருல யாரும் இதப் பாத்து வாயப் பொளந்துக்கிட்டு நிக்கல. சாமி வந்துருச்சுன்னும் சொல்லல, பேய்னும் சொல்லல. எங்க ஊருக்காரங்க வேலைக்காரங்க. உள்ள சூடா இருக்குன்னு தெரிஞ்ச மறுநாளே மோர்மிளகாய் போட்ட தட்டு ஒண்ணொண்ணா வர ஆரம்பிச்சிருச்சு, அப்புறம் கூழ்வத்தல், அப்புறம் அரிசி மாவு, பின்ன ஆனிச் சாரல் தொடங்கினதும் ஈரத்துணி. அதுலயும் ஒரு ஒழுங்கு தன்னால வந்துருச்சு பாத்துக்கிடுங்க: வாசலுக்கு விட்ட இடைவெளி வழியாத்தான் எல்லாரும் உள்ள போவாங்க, செருப்ப வெளிய கழட்டிப் போடுவாங்க, எவனாவது கோட்டத் தாண்டிப் போனா "ஏலே, சுவத்த மிதிக்கியே, அறிவு இருக்கா?"ன்னு நாலு பேரு சத்தம் போடுவாங்க. ஆடு மட்டும் சுவத்துக்குள்ளயே போயிட்டு வரும், அதுக்கு யாரு சொல்ல. சாரல் விழுந்தா கூரை வரப்போற இடத்துல ஒரு சொட்டு விழாது. ஆனா மேக்கு ஜன்னல் இருக்கப்போற இடத்துல மட்டும் சுள்ளுன்னு தெறிச்சு வரும், அங்கன இருந்த வத்தல் தட்டத் தூக்கிக்கிட்டுப் பொம்பளைங்க ஓடுவாங்க. கதவச் சாத்துங்கடின்னு ஒருத்தி கத்துவா, எந்தக் கதவன்னு இன்னொருத்தி கேப்பா.

பூக்கட்டுத பொம்பளைங்க ஒரு நாளு கூடைகளோட உள்ள வந்து உக்காந்தாங்க. பிச்சி மொட்டு சாயங்காலந்தான் விரியணும், அப்பத்தான் சந்தையில நிக்கும். கோட்டுக்குள்ள வச்ச மொட்டு அரைமணி நேரத்துல வாயத் திறந்து, முக்கால் மணியில பழுப்படிச்சு, ஒரு மணியில தலை தொங்கிருச்சு. செம்பகம்னு ஒருத்தி, பிள்ளைய நிறுத்தின ஏழு பேருல அவளும் ஒருத்தி, அந்தக் கூடைய அப்பிடியே கொண்டாந்து டீச்சர் காலடியில வச்சா.

"டீச்சர், இதுக்குள்ளதான் எம்பிள்ள நிம்மதியா ஒறங்குவான்னு வாக்குக் குடுத்தீங்களா?"

லூர்துக்கனி டீச்சர் அவ போன பிறகு அரிசி மூட்டைக்குப் பின்னால போய் நின்னு அழுதாங்க. எனக்கும் அழுகையா வந்துச்சு, ஆனா எனக்கு அழுகைக்கு முன்னால ஆத்திரம் வந்துரும். நேரா ஓவர்சியர வரச் சொன்னேன். வந்தாரு, கைக்குட்டையால கழுத்தத் துடைச்சுக்கிட்டே கோட்டுக்குள்ள நின்னாரு.

"தம்பி, இதக் கட்டினா இது பால்வாடியா, ரொட்டி அடுப்பா?"

"எக்கா, வரைபடத்துல கைவைக்க எனக்கு அதிகாரமில்ல. மாத்தணும்னா தலைநகரத்துக் கையெழுத்து வேணும். ஒரு வருசம் ஆகும். அதுக்குள்ள அனுமதியே காலாவதியாயிரும்."

டீச்சர் கண்ணத் துடைச்சுக்கிட்டு அந்தக் காகிதத்த வாங்கினாங்க. ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க.

"சார், இதுல வடக்கு எது?"

நல்லசிவன் வாங்கிப் பாத்தாரு. மேல பாத்தாரு, கீழ பாத்தாரு, பின்பக்கமும் பாத்தாரு. வடக்கக் காட்டுத அம்புக்குறியே அதுல இல்ல. எல்லா ஊருக்கும் போற காகிதம், அதுல எந்த ஊரு வடக்கப் போடுவான்?

"அப்போ இதுல ஒண்ணையும் மாத்தாம, அப்பிடியே திருப்பி மட்டும் வச்சா?"

அந்தப் பையன் மூஞ்சியில அப்ப வந்த வெளிச்சத்த நீங்க பாத்திருக்கணும். "திருப்புறதுக்குக் கையெழுத்து வேண்டாம் டீச்சர்! இடத்துக்குத் தக்கபடி ஜன்னல் அறையெல்லாம் கொஞ்சம் நகத்திக்கிடலாம்னு கீழ பொடி எழுத்துல ஒரு வரி கூட இருக்கு. படிக்கும்போது இதெல்லாம்தான் படிச்சேன், எந்தத் தெசையில வெயில் வருது, எந்த மாசம் எந்தக் காத்து, கோடு போடுறப்பவே இதயெல்லாம் யோசிக்கணும்னு. வேலைக்கு வந்து இந்த ஆறு வருசத்துல ஒருத்தரும் என்கிட்ட இதக் கேக்கல."

"இப்ப நாங்க கேக்கோம். தொடங்கும் தம்பி"ன்னேன்.

அப்புறம் ஆனி மாசம் பூரா எங்களுக்கு அதுதான் வேலை. கட்டின சுவத்த நகத்த முடியுமா? கோட்ட நகத்தலாம். தென்ன வாரியல் எடுத்துப் பெருக்கி அழிப்போம், மந்திரமூர்த்தி புதுசாப் போடுவான், மத்தியானம் உள்ள போய் உக்காந்து பாப்போம். மொதல்ல நீளச் சுவரு ரெண்டும் வடக்கயும் தெக்கயும் பாக்குத மாதிரித் திருப்பினோம், மேக்கத்திச் சுவத்துல ஒரு ஜன்னலும் வேண்டாம்னு அடைச்சோம். பாதி வெக்கை அன்னைக்கே எறங்கிருச்சு. ஆனா உச்சிவேளையில வடக்கு ஜன்னல் வழியா வெயில் வருது! வடக்க இருந்து வெயிலா, என்ன கூத்துன்னு எல்லாரும் சிரிச்சோம். நல்லசிவன் சொன்னாரு, ஆனியில சூரியன் நம்ம தலைக்கு வடக்கயில்லா நிக்குது, இத்தன வருசம் இந்த ஊருல இருந்து யாரும் பாக்கலையான்னு. பூப்பறிக்குதவங்க நாங்க குனிஞ்சே கிடக்கோம், சூரியன எங்க பாத்தோம். ஜன்னலுக்கு வெளிய ரெண்டடி தள்ளி, மழைமறைப்பு வரப்போற இடத்துல மந்திரமூர்த்தி இன்னொரு கோடு இழுத்தான். இழுத்து முடிக்கவும் உள்ள விழுந்த வெயில் சத்தமில்லாம வெளிய போயிருச்சு.

காத்துக்கு இன்னும் பாடுபட்டோம். எல்லா ஜன்னலும் ஒரே பக்கம் இருந்தா, வந்த காத்து வாசல்லயே நின்னு யோசிக்கும் போல, உள்ள வராது. ரெண்டத் தெக்கயும் ஒண்ண நேர் எதிர்ல வடக்கயும் வச்சோம். வைக்கவும் செங்கோட்டைக் கணவாய் வழியா வர்ற சாரக்காத்து தெக்க நுழைஞ்சு, கூடத்த ஒரு சுத்து சுத்தி, வடக்க எறங்கிப் போச்சு, உக்காந்திருந்தவங்க முந்தானை எல்லாம் ஒரே பக்கமாப் பறந்துச்சு. சாமான் அறைய மேக்குக் கடைசியில போட்டோம். வெயில அது வாங்கிக்கிடட்டும், அரிசியில வண்டு வராது. பக்கத்துலயே கக்கூசையும் போட்டோம். ஆகா, அதுதான் தப்பாப் போச்சு! காத்து தென்மேக்க இருந்துல்லா வருது. இன்னும் கட்டாத, ஒருத்தரும் போகாத கக்கூஸ்ல இருந்து அப்பிடி ஒரு நாத்தம் வந்து கூடத்துல நிறைஞ்சுச்சு பாருங்க, பூக்கூடையத் தூக்கிக்கிட்டு எல்லாரும் வாசலுக்கு ஓடுனோம். மந்திரமூர்த்தி மூக்கப் பிடிச்சுக்கிட்டே அதக் கொண்டுபோய்க் கிழக்குக் கடைசியில போட்டான். அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கு விலா வலிச்சது ரெண்டு நாளு இருந்துச்சு.

ஆனி இருபத்தெட்டாந்தேதி செம்பகம் மறுபடி ஒரு கூடை மொட்டோட வந்தா. மூணு மணிக்கு வச்சா, நாலு மணிக்குப் பாத்தா, அஞ்சு மணிக்குப் பாத்தா. மொட்டு மொட்டாவே இருந்துச்சு. அவ எந்திச்சு, வீட்டுக்குப் போயி, மகன இடுப்புல தூக்கிட்டு வந்து, கூடத்து நடுவுல இறக்கி விட்டா. மறுநாளுல இருந்து நாங்க மத்தியானச் சோறு முடிஞ்சதும் பிள்ளைங்கள எல்லாம் குடோன்ல இருந்து கூட்டிட்டு வந்து கோட்டுக்குள்ளயே ஒறங்க வச்சோம். இருபத்திரண்டு தலை ஆச்சு.

இதுக்கு நடுவுல சீனிவாசகம் அண்ணாச்சி ஒரு காரியம் பண்ணினாரு. எங்க கோட்ட அடி விடாம அளந்துட்டுப் போயி, ரைஸ்மில்லுக்குப் பின்னால இருக்க தன் இடத்துல அச்சு அசலா அதே மாதிரி மாட்டுக் கொட்டகை போட்டாரு. பதினஞ்சே நாள்ல முடிச்சாரு. மாடு ஒண்ணு கூட உள்ள போக மாட்டேன்னு அடம் பிடிச்சுருச்சு. வந்து மந்திரமூர்த்தியச் சட்டையப் பிடிக்காத குறை. "ஏம்லே, ஒரே அளவுதான? உங்க பிள்ளைங்களுக்குக் குளுந்தா என் மாட்டுக்குச் சுடுமா?" நல்லசிவன் போய்ப் பாத்துட்டு வந்து சொன்னாரு, மில்லு தெக்கத்திக் காத்தப் பூரா மறைச்சுக்கிட்டு நிக்குது, தவிடு அடுப்புச் சூடு வேற இந்தப் பக்கமே வருது, அங்கன வேற மாதிரில்லா போடணும்னு. "இடத்தக் கேக்காம எங்களக் கேட்டா எப்பிடி அண்ணாச்சி?"ன்னாரு. சீனிவாசகம் அண்ணாச்சி ஒரு வாரம் எங்களோட பேசல.

ஆடி பொறந்தது. தலைவர் வேலாயுதபெருமாள் எதுக்கோ ஒரு மாசமா மகன் ஊருல இருந்தவரு, திரும்பி வந்து பஸ்ஸ விட்டு எறங்கினதும் கோட்டத்தான் பாத்தாரு. எறங்கின இடத்துலயே நின்னாரு.

"ரோட்டுக்கு முதுகக் காட்டிக்கிட்டு நிக்குமா என் கட்டடம்? என் கல்வெட்ட யாரு பாப்பா, காக்காயா? இருவத்தஞ்சு வருசமா இந்த ஊருக்கு ஓடுதேன், ஒரு கல்லுல என் பேரு கிடையாது. இத ஒண்ணயும் பறிச்சிருவீங்களோ?"

மொட்டக் காட்டினோம், பிள்ளைங்களக் காட்டினோம். மனுசன் எதையும் பாக்கல, கண்ணு ரோட்டுலயே இருந்துச்சு. பழையபடி போடுன்னு சொல்லிட்டாரு. மந்திரமூர்த்தி கோடு போடும்போது அவன் கண்ணுத்தண்ணி சுண்ணாம்புல விழுந்துச்சு. மூணு மணிக்கு அந்த மூணு வெயிலும் பழைய இடத்துல வந்து படுத்துச்சு. நாங்க பிள்ளைங்களத் தூக்கிக்கிட்டுத் தகரத்துக்கே திரும்பிப் போனோம். என் தன்ஷிகா "அந்தக் காத்து வீடு எங்கம்மா?"ன்னு கேட்டா, நான் என்னத்தச் சொல்ல. அந்தத் தலைவர நான் அன்னைக்கு அடுப்படியில நின்னு திட்டின திட்ட இங்க சொல்ல முடியாது. ஒரே வாரத்துல தலை பதினாலாச்சு. டீச்சர் சாப்பிடவே இல்ல.

அதுக்கு மூணாவது நாளு நான் பொறுக்க மாட்டாம அவரு வீட்டு வாசல்லயே போய் நின்னேன். டீச்சரும் கூட வந்தாங்க.

"தலைவரே, கட்டடம் எப்பிடியும் திரும்பட்டும், உங்க கல்லு ரோட்டோரத்துல தனியா நிக்கட்டுமே."

"தனியாக் கல்லு நட நான் என்ன செத்தா போனேன்? மாலை போட்டுக் கும்பிடப் போறியளா?"

எனக்குச் சிரிப்பு வந்துருச்சு, அடக்கிக்கிட்டேன். டீச்சர்தான் மெதுவாச் சொன்னாங்க: "கல்லு இல்ல தலைவரே, சுவரு. ரோட்டப் பாத்து, உங்க பேரு பெரிய எழுத்துல. ஒரு தடவ கோடு மட்டும் போட்டுப் பாப்போம். பிடிக்கலைன்னா அழிச்சிருதோம்."

பெரிய எழுத்துன்னதும் மனுசன் துண்ட எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டுக் கிளம்பிட்டாரு. மந்திரமூர்த்தி கட்டடத்த மறுபடி திருப்பிப் போட்டான், ரோட்டோரமா பத்தடி நீளத்துக்கு ஒரு கோடு இழுத்தான். நல்லசிவன் அவன் காதுல ஏதோ சொன்னாரு. இவன் கோட்ட விட்டு விட்டுப் புள்ளி புள்ளியாப் போட்டான், காத்து புகுந்து வர்ற மாதிரி ஓட்டை ஓட்டையாச் செங்கல் வைக்கிறதுக்கு. மணி நாலு. சுவரு இல்லாத எடத்துல இருந்து நெழலு புறப்பட்டு, முத்தத்துல பூப்பூவாப் புள்ளி விழுந்த பாய் மாதிரி விரிஞ்சு, தலைவர் கால்ல வந்து ஏறுச்சு. வெயிலுக்குச் சுருங்கி இருந்த அவரு மூஞ்சி விரிஞ்சது. காத்து அவரு துண்ட ஒரு தட்டுத் தட்டிட்டுப் போச்சு.

அந்த நேரம் பாத்து குடோன்ல இருந்து பிள்ளைங்க வீட்டுக்குப் போக வெளிய வந்துச்சு. யாரும் சொல்லல, கூப்பிடல. ஒண்ணு ஓடி வந்து அந்த நெழல்ல உக்காந்துச்சு, பின்னால இன்னொண்ணு, அப்புறம் எல்லாம். பத்தடி நெழலுக்குள்ள நெருக்கியடிச்சு உக்காந்தும் கடைசியில ரெண்டு பிள்ளைக்கு இடம் பத்தல, வெயில்ல நின்னுச்சு. தலைவர் அந்த ரெண்டையும் பாத்தாரு.

"ஏலே மந்திரமூர்த்தி, இன்னும் நாலடி நீளமாப் போடு."

போட்டான். ரெண்டும் உள்ள வந்துச்சு.

"தோட்டத்துல இருக்க பிள்ளைங்க எத்தன டீச்சரம்மா?"

"இதுவரைக்கும் சேராததையும் சேத்துப் பதிமூணு தலைவரே."

"அப்போ இன்னும் பத்தடி போடுலே. சுவரு என்ன, என் பேரு எழுத எடம் வேணும்லா." சொல்லிட்டுத் திரும்பி நின்னுக்கிட்டாரு. எதுக்குத் திரும்பினாருன்னு எங்களுக்குத் தெரியாதா.

ஆவணி ஆறாந்தேதி வந்துச்சு. மேளம், நாயனம், மைக்கு, பந்தல், பெரிய மனுசரு, அவருக்குப் பின்னால எட்டுக் காரு. பூமிக்குள்ள படுத்து ஒறங்குத வாஸ்து புருஷன் அன்னைக்கு முழிச்சு, பல்லு வெளக்கி, குளிச்சு, சாப்பிட்டு, வெத்தல போட்டுட்டு மறுபடி ஒறங்கப் போயிருவாராம். அவரு சாப்பிடுத நேரத்துலயும் வெத்தல போடுத நேரத்துலயும்தான் கடப்பாரை போடணும். அது மூணேகாலுல இருந்து நாலு மணிக்குள்ளன்னு ஐயரு சொன்னாரு. நாங்க ஒரு தப்புப் பண்ணிட்டோம். விசேஷத்துக்கு வந்த கூட்டத்துக்குக் காட்டணும்னு, இருபத்தேழு பிள்ளைங்களுக்கும் புதுச்சட்டை போட்டு, பன்னிரண்டரைக்கே சோறு குடுத்து, கையில காகிதப் பூவோட கூடத்துக்குள்ள உக்கார வச்சோம். சோறு தின்ன பிள்ள, அந்தக் காத்துல சும்மா இருக்குமா? மூணு மணிக்கு இருபத்தேழும் வரிசையாச் சாஞ்சு, வாயத் திறந்து, அசந்து ஒறங்குது.

கடப்பாரை முதல் அடி விழவும் கோடு உடையும். கோடு உடைஞ்சா நெழலு போயிரும், காத்து போயிரும், மூணரை மணி வெயில் பச்சப்பிள்ளைங்க மூஞ்சியில நேரா விழும். அதுவரைக்கும் எங்க யாரு மண்டைக்கும் இது எட்டல. டீச்சர் பதறிப்போய் ஓடினாங்க, ஒவ்வொண்ணாத் தட்டி எழுப்ப. மைக்குக்காரன் தலைவர் பேர மூணு தடவ கூப்பிட்டுட்டான். ஐயரு மஞ்சத்தண்ணி தெளிச்ச கடப்பாரைய எடுத்து அவரு கையில குடுத்தாரு.

தலைவர் அத வாங்கினாரு. ஓங்குறதுக்குக் குனிஞ்சவரு, என் தன்ஷிகா முகத்துக்கு நேரா வந்துட்டாரு. அவ ஒறக்கத்துல எதுக்கோ சிரிச்சா.

மனுசன் கடப்பாரைய மெதுவாத் தரையில சாச்சு வச்சாரு. டீச்சர் கையப் பிடிச்சு நிறுத்தினாரு. நாயனக்காரரப் பாத்து வாயில வெரல வச்சாரு. மேளம் நின்னுச்சு, மைக்கு நின்னுச்சு. கல்வெட்டுக்கு இருவத்தஞ்சு வருசம் காத்த மனுசன், பெரிய மனுசரு காதுகிட்டப் போயி ஏதோ சொன்னாரு. அவரும் எட்டிப் பாத்துட்டு, செருப்பக் கழட்டிட்டு, சுவத்து நெழல்ல போய்த் தரையில உக்காந்துட்டாரு. ஊரே உக்காந்துச்சு. ஆயிரம் பேரு இருந்த எடத்துல பிள்ளைங்க மூச்சு விடுத சத்தம் கேட்டுச்சு. மணி மூணே முக்காலாச்சு. நாலாச்சு. ஐயரு பஞ்சாங்கத்த மடக்கி மடக்கித் திறந்து பாத்தாரு. நாலரைக்கு ஒவ்வொண்ணாக் கண்ணக் கசக்கிக்கிட்டு எந்திச்சுச்சு, கடைசியா என் மக.

"நேரம் போயிருத்து தலைவரே"ன்னாரு ஐயரு, அழமாட்டாத குறையா. "வாஸ்து புருஷன் ஒறங்கியாச்சு."

"ஒறங்கட்டும் சாமி"ன்னாரு தலைவரு, வேட்டிய மடிச்சுக் கட்டிக்கிட்டு கடப்பாரையத் தூக்கினாரு. "நம்ம பிள்ளைங்க ஒறங்கி எந்திச்சாச்சுல்லா."